மூன்று நாள் வராத பேப்பர்

விதி தவறாதவன் என்று எங்கள் நூலகத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இருபத்தெட்டு வருஷ வேலையில் ஒரு தாளைக்கூட யாருக்கும் முறைகேடாக நகல் எடுத்துக் கொடுத்ததில்லை. அந்த நல்ல பெயரோடுதான் போய்ப் பக்கத்து வீட்டுக் குடும்பத்தைக் கலைத்தேன். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும், தப்பில்லை.

பட்டர்வொர்த்தில், பெர்ரி ஏறும் துறையிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் பலகை வீடுகள். எனக்கும் சன்னாசிக்கும் ஒரே வேலி. அவன் பேப்பர் போடுகிறவன். விடிகாலை ஐந்து மணிக்கு லாரிக்காரன் கட்டுகளை அவன் வீட்டு வாசலில் போடும் ‘தொப்’ சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் கோப்பிக்குத் தண்ணீர் வைப்போம். முன்பெல்லாம் கோலாலம்பூர் மெயில் ரயிலில் வரும். சன்னாசி ஸ்டேஷனுக்கே போய்ச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். லாரி வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை.

கட்டைப் பிரித்து உள்தாளைச் செருகுவது அவன் மனைவி தவமணியின் வேலை. சுருட்டி ரப்பர் போடுவது சன்னாசி. மழை நாளென்றால் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. பினாங்குக் கடல் பக்கம் மழை வருவதற்கு யாரிடமும் கேட்காது, அதனால் பாதி நாள் உறைதான். முழங்கை வரைக்கும் மை அப்பிக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தபடி நான் வேலிக்கு இந்தப் பக்கம் பல் விளக்குவேன்.

“கிராணியாரே, இன்னிக்கி ஒங்க ஆபீசு பென்சன்காரரு ஒருத்தரு போயிட்டாரு. மூணாம் பக்கம்” என்பாள் தவமணி. தமிழ்ப் பேப்பரில் மரண அறிவிப்பை முதலில் படிப்பது அவள் வழக்கம். ஆபீசில் எழுத்து வேலை என்பதால் அந்த வீட்டுக்கு நான் கிராணி.

“காலங்காத்தால பொணத்தப் பத்தியே பேசு” என்பான் சன்னாசி.

“என்பவரே, ஒங்க வேலையப் பாருங்க. அங்க ரப்பரு அறுந்து கெடக்கு.”

‘என்பவரே’ என்றுதான் புருஷனைக் கூப்பிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. முப்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டியிருந்த ஜோடி அது. ஒரே மகன் தயாளன் ஜொகூரில் வேலையாக இருந்தான். சன்னாசியும் தவமணியும் ஓடி வந்து கட்டிக்கொண்டவர்கள் என்பது தெருவுக்கே தெரியும். அவள் அப்பா பீடோர்ப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். சாதி காரணமாக மகளைத் தலைமுழுகிவிட்டார் என்பதும் தெரியும்.

தை மாதம் வந்தால் மட்டும் தவமணி ஒடுங்கிப் போவாள். பொங்கல் முடிந்ததும் அம்மாவுக்குப் படையல் போடுவாள். நெத்திலிச் சம்பாலும் முருங்கைக்கீரையும் அவள் அம்மாவுக்குப் பிடிக்குமாம். இலையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தையைச் சொல்லுவாள்.

“எங்கம்மா கடைசி வரைக்கும் என்னக் கேக்கவே இல்லண்ணே. சாவுற நேரத்துலயாச்சும் பெத்த மனசு கேக்கும்னு சொல்லுவாங்கல்ல. கேக்கல.”

அந்தப் பேச்சு வந்தாலே சன்னாசி எழுந்து போய் மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவான். பெண்டாட்டி அழுவதைத் தாங்க முடியாத இளகின மனசு என்று நான் நினைத்திருந்தேன்.

என் வேலை பினாங்குத் தீவில் ஒரு நூலகத்தின் மைக்ரோபிலிம் அறையில். பழைய பேப்பர்களை எல்லாம் படம் பிடித்துச் சுருளாக்கி அட்டைப் பெட்டிகளில் வைத்திருந்தோம். பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். சுருளை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடித் திரையில் நாட்கள் ஓடும். பித்தானை அழுத்தினால் சாம்பல் நிறத்தில் ஈரத்தாளாக ஒரு நகல் வரும். சுவரில் நானே தட்டச்சு செய்து ஒட்டிய அறிவிப்பு: சொந்தப் படிப்புக்கு ஒரு நகல் மட்டும், வெளியிடுவதானால் உரிமையாளரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் டாக்டர் மாலினி என்ற விரிவுரையாளர் வந்தாள். சின்ன வயது, நல்ல பெண். ‘நாட்டொளி’ என்று நின்றுபோன ஒரு தமிழ் நாளேட்டின் சுருள்களை ஐந்து மாதம் உட்கார்ந்து பார்த்தாள். அவள் தேடியது செய்தி இல்லை. கடைசிப் பக்கத்தில் காசு கட்டிப் போடும் சின்ன அறிவிப்புகள். மகனைத் தள்ளிவைத்தவர்கள், ஓடிப்போன மனைவியைத் தேடினவர்கள், சீமைக்குப் போன தம்பியைக் கூப்பிட்டவர்கள். இருநூறு அறிவிப்புகளை அப்படியே படமாகப் போட்டுப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்றாள். படிவத்தை நீட்டினாள். நான் கையெழுத்துப் போடவில்லை.

“அங்கிள், இது ஃபேர் யூஸ் தானே. ஆராய்ச்சிக்குத்தான எடுக்குறேன்?”

“ஆராய்ச்சிக்குன்னா படிங்க, எழுதுங்க, நாலு வரி எடுத்துக் காட்டுங்க. யாரு வேணாம்னா? நீங்க அப்படியே எடுத்துப் புத்தகமா போடுறேன்றீங்க.”

“ஒரு அறிவிப்பே நாலு வரிதான் அங்கிள்!”

“அதான் நானும் சொல்றேன். நாலு வரியும் எடுத்துட்டா முழுசையும் எடுத்துட்டீங்கன்னு அர்த்தம்.”

“பேப்பரே செத்துப்போச்சி. யாருகிட்ட போயிக் கேக்குறது?”

பேப்பர் செத்தாலும் முதலாளியின் மகன் கோலாலம்பூரில் உயிரோடு இருந்தார். எழுதிக் கேட்டோம். அவருடைய வழக்கறிஞர் ஒரே பத்தியில் பதில் போட்டார்: எங்கள் ஆட்கள் எழுதியது எங்களுடையது, அதற்கு ஆட்சேபம் இல்லை, காசு கட்டி அறிவிப்புப் போட்டவர்கள் எழுதியது அவரவர்களுடையது, அவர்கள் இறந்து ஐம்பது வருஷம் வரைக்கும் வாரிசுகளுடையது, அதைக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.

மாலினி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். “இருநூறு வீட்டுக் கதவ யாரு தட்டுறது? பேர மறச்சிப் போட்டுக்குறேனே. யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“தெரியாமப் போட்டா அது நியாயம் ஆயிடுமா டாக்டர்? அது அவங்க வீட்டுச் சங்கதி. கேட்டுட்டுப் போடுறதுதான் மரியாதை” என்றேன். எனக்கே நான் பேசியது பிடித்திருந்தது. கதவு தட்டுகிற வேலையில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றும் வாயைக் கொடுத்தேன்.

அவள் தந்த பட்டியலில் எண்பத்தாறாவதும் எண்பத்தேழாவதும் பீடோர் மண்டோர் அங்கமுத்து போட்ட அறிவிப்புகள். அறுபத்தொன்பதில் ஒன்று, எழுபத்தொன்றில் ஒன்று. அவர் மகள் பெயரையும் அவள் போன ஊரையும் படித்ததும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. என் வேலிக்கு அந்தப் பக்கம்!

முதல் அறிவிப்பு கடுமையானது. அதைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாவதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. கோபத்தில் ஒன்று சொன்னாலும் மனிதர் பிறகு இறங்கித்தான் வந்திருக்கிறார், இது தவமணிக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், பழைய காகிதத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பேப்பர் போடுகிற வீட்டில் அந்தப் பேப்பரைப் படிக்காமல் இருந்திருப்பார்கள் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? ஒவ்வொரு தையிலும் அவள் சொல்லி அழுத வார்த்தை அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. தபாலில் போடாமல் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு நகலையும் சம்மதப் படிவத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன்.

தவமணி அடுப்படியில் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சன்னாசி கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தான்.

“வாங்கண்ணே. பசியாறிட்டீங்களா? மீனு சூடா இருக்கு, ஒரு வாய் சாப்புடுங்க.”

“சாப்பாடு இருக்கட்டும் தங்கச்சி. ஒனக்கு ஒரு சொத்து வந்திருக்கு. கையக் கழுவிட்டு வா” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். காப்பிரைட் என்றால் என்ன, எழுதினவர் போனால் அது எப்படிப் பிள்ளைக்கு வரும் என்று பெரிய மனுஷனாக விளக்கினேன். அங்கமுத்துவுக்கு இவளைத் தவிரப் பிள்ளை கிடையாது.

முதல் தாளை வாங்கிப் படித்தாள். ‘என் மகள் தவமணி என் சொல்லை மீறி, பட்டர்வொர்த் சன்னாசி என்பவனோடு போய்விட்டபடியால், இன்று முதல் அவள் எனக்கு மகளல்ல. அவளுடைய எந்தக் காரியத்துக்கும் நான் பொறுப்பல்ல.’

நான் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள்.

“தெரியும்ணே. இந்தப் பேப்பர நானே என் கையால மடிச்சி நாப்பது வீட்டுக்கு அனுப்புனேன். கல்யாணம் ஆயி பதினோராம் நாளு. ஒரு பக்கம் அழுவ, ஒரு பக்கம் இவரப் பாத்தா சிரிப்பு. ‘சன்னாசி என்பவன்’னு போட்டிருக்காரே எங்கப்பா! அன்னியிலேருந்துதான் இவரு எனக்கு என்பவரு.”

“இன்னொன்னு இருக்கே, அதப் படி” என்று இரண்டாவது தாளைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஒரு மீனை எடுத்து வாயில் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

‘மகள் தவமணிக்கு. உன் தாயார் பேச்சாயி படுக்கையில் இருக்கிறாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு உடனே வரவும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம். – அப்பா.’

ஒருமுறை படித்தாள். தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் படித்தாள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன்.

“இது எந்த வருஷம்ணே?”

“மேல தேதி இருக்கு பாரு. எழுபத்தொண்ணு சனவரி. மூணு நாள் தொடர்ந்தாப்புல போட்டிருக்காரு. பொங்கலுக்கு முந்தின வாரம்.”

“அப்ப பேப்பரு வரலயே. நாடே வெள்ளத்துல கெடந்துச்சி. ரயிலு வரல. மூணு நாளு பேப்பரே வரலண்ணே.”

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. படித்தவன் மாதிரி, “அச்சாகியிருக்கே தங்கச்சி. அவங்க அச்சகம் மேட்டுல இருந்துச்சி. பிலிம்ல ஒரு நாளுகூட விட்டுப்போகல. மொத நாளு ரயிலு லேட்டு, மத்த நாளு வடக்கே மெயில் வழக்கம்போல ஓடுதுன்னு அதுலயே செய்தி இருக்கு” என்றேன்.

தவமணி தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“அந்த மூணு நாளுதாண்ணே நாங்க வாழ்ந்தோம். கல்யாணம் ஆனதுலேருந்து ஓட்டம்தான், ஒரு நாளு லீவு கெடயாது. பேப்பரு வரலன்னதும் இவரு வீட்டுலயே இருந்தாரு. வெளிய மழ கொட்டுது. மரவள்ளிக்கெழங்கு அவிச்சிப் போட்டேன். கருவாடு சுட்டுத் தின்னோம். போத்திக்கிட்டு கத பேசுனோம். தயாளன் அந்த வெள்ளத்துல வந்த புள்ளன்னு எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கேன். அந்த மூணு நாளாண்ணே? எங்கம்மா அங்க கெடந்து கூப்புட்ட மூணு நாளா?”

அப்போதுதான் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. சன்னாசி நெற்றி நிறையத் திருநீறோடு உள்ளே வந்தான். கையில் கோயில் சுண்டல். பொண்டாட்டி தரையில் இருப்பதையும் என் முகத்தையும் அவள் மடியில் இருந்த தாளையும் பார்த்தான். அவனுக்கு யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எங்கேருந்து வந்திச்சி?” என்றான்.

“நூலகத்துல பிலிம்ல...” என்று ஆரம்பித்தேன்.

“எல்லாத்தையும் போட்டேனே” என்றான் சன்னாசி. “மூணு கட்டையும் பெர்ரி மேடையிலேருந்து கடல்ல போட்டேன். போவவே மாட்டேன்னுது. ஒதுங்கி ஒதுங்கி வருது. கம்ப எடுத்துத் தள்ளித் தள்ளி விட்டேன்.”

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்?”

“தவம், அந்தக் காலத்துல எல்லாப் பயலும் இப்படித்தான் போடுவான். அம்மா படுக்கையில கெடக்குறா, பாட்டி சாவக் கெடக்குறான்னு. நான் தெனம் பேப்பரு போடுறவன், எத்தன பாத்திருக்கேன்! சுங்கை பாக்காப்புலேருந்து ஒரு பொண்ணு அப்படித்தான் நம்பிப் போனா. போனவள ரூம்புல பூட்டி வெச்சி மாமன்காரனுக்குக் கட்டிக் குடுத்துட்டான். புருசங்காரன் கைய ஒடிச்சி அனுப்புனானுங்க. ஒன்னியும் அப்படித்தான் இழுக்குறாங்கன்னு நெனச்சேன்.”

“எங்கம்மா பேரு போட்டிருக்கு. கீழ அப்பான்னு போட்டிருக்கு. அது பொய்யின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“மாப்பிள்ளைன்னு போட்டிருந்திச்சி.”

“என்னா?”

“என்ன மாப்பிள்ளைன்னு போட்டிருந்திச்சி. அந்த ஆளு என்ன மாப்பிள்ளன்னு சொல்லுவாரா? ‘என்பவன்’னு எழுதுன மனுசன்! ஒங்க ஊட்டு வாசல்ல நான் நின்னா நாயி மாதிரி வெரட்டுனவரு. அந்த ஒரு வார்த்தையப் பாத்துத்தான் இது பொய்யின்னு முடிவு பண்ணேன்.” அவள் மடியிலிருந்த தாளைக் காட்டினான். “நெசமா வெறும் பேரப் போட்டிருந்தா நம்பியிருப்பேன் தவம்.”

சுண்டல் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

“சரி” என்றாள் தவமணி. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் தணிந்துதான் வந்தது. “அன்னிக்கிப் பயந்துட்டீங்க. பயந்தது தப்பில்ல. நானும் சின்னப் பொண்ணு, போயிருந்தாலும் போயிருப்பேன். மறு வருசம் தைப்பூசத்துல எங்க தோட்டத்து மீனாச்சியப் பாத்தோமே, அவ சொன்னாளே, ‘ஒங்கம்மா போன தையிலயே போய்ச் சேந்துட்டா’ன்னு. நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க? அப்ப தெரிஞ்சிருச்சில்ல அது நெசம்னு?”

சன்னாசி தலையாட்டினான்.

“அன்னிக்கி ராத்திரி ஏன் சொல்லல? அடுத்த வருசம் படையல் போட்டு அழுதேனே, அப்ப ஏன் சொல்லல? எங்கப்பா கருமாதிக்குப் போயி நின்னேன். ஒரு சொம்புத் தண்ணி குடுக்க ஆளில்ல. எங்க அத்த சொன்னாங்க, ‘கூப்புட்டப்ப வரல, கூப்புடாதப்ப வந்து நிக்கிறா’ன்னு. எனக்குப் புரியல. ஓடிப்போனதுக்குத் திட்டுறாங்கன்னு வாங்கிக்கிட்டு வந்தேன். மூணு நாளு பேப்பர்ல போட்டும் வராத மகன்னு நெனச்சிக்கிட்டே எங்கப்பாவும் செத்துட்டாருல்ல?”

“அன்னிக்கிப் பொய்யின்னு நெனச்சி மறச்சேன்” என்றான் சன்னாசி. “அப்புறம் நெசம்னு தெரிஞ்சி மறச்சேன். சொன்னா நீ என்ன விட்டுட்டுப் போயிருவன்னு.”

“மூணு நாள நான் மன்னிச்சிருவேங்க. இருவத்தேழு வருசத்த என்னா பண்ணுறது? ‘எங்கம்மா கேக்கவே இல்ல’ன்னு நான் சொல்லும்போதெல்லாம் போயி பிளக்கு தொடச்சீங்களே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ‘கேட்டாங்க புள்ள’ன்னு சொல்லியிருந்தா போதுமே.”

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் அவள் அழுது பார்த்திருக்கிறேன், ஆனால் இது வேறு. சன்னாசி பக்கத்தில் உட்காரப் போனான். அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் மாலினியிடம் சொன்னேன். அவள் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அந்த ரெண்டையும் எடுத்துடுறேன் அங்கிள். எல்லாத்தையும் எடுத்துடலாமான்னுகூட யோசிக்கிறேன்” என்றாள். கேட்காமல் போட்டிருந்தால் யாரும் படிக்காத ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். கேட்பதுதான் மரியாதை என்று பேசிய வாய் அன்று முழுக்கக் கசந்தது.

பக்கத்து வீட்டில் வேலை நிற்கவில்லை. ஐந்து மணிக்குக் கட்டு விழும். அவள் செருகுவாள், அவன் சுருட்டுவான். பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் யார் செத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. சன்னாசி ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, “கிராணி, அவ திட்டுனாத் தேவல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகொரு சாயங்காலம் தவமணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கொடுத்த சம்மதப் படிவத்தைக் கையில் வைத்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. என் மனைவி தேத்தண்ணி வைக்கப் போனாள்.

“அண்ணே, இது என் சொத்துன்னு சொன்னீங்கல்ல. நான் கையெழுத்துப் போடலன்னா?”

“யாரும் போட முடியாது. அந்தப் பொண்ணே வேணாம்னு எடுத்துருச்சி. நீ ஒண்ணும் செய்ய வேணாம் தங்கச்சி, அந்தத் தாளக் கிழிச்சிப் போடு.”

“நானா போடணும்னா போடலாமா?”

“புத்தகத்துலயா?”

“பேப்பர்ல. இப்ப ஓடுற தமிழ்ப் பேப்பர்ல. அதே எழுத்து, அதே மாதிரி. ஒரு எழுத்தும் மாறக் கூடாது. மூணு நாளு.”

நான் அவளைப் பார்த்தேன். பைத்தியம் பிடித்தவள் பேச்சு மாதிரி இல்லை. நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தாள்.

“எதுக்கு தவமணி? ஊரு சிரிக்கும்.”

“ஊரு படிக்கத்தான எங்கப்பா போட்டாரு? என்ன வேணாம்னு சொன்னத நாப்பது வீடும் படிச்சிச்சி. நானே மடிச்சிக் குடுத்தேன். வான்னு சொன்னது ஒரு வீட்டுக்கும் போகல. அது போகணும்ணே. எங்கம்மா கேட்டாங்கன்னு இந்தத் தெருவுல எல்லாரும் தெரிஞ்சிக்கணும். மூணு நாளு போட்ட அறிவிப்பு, மூணு நாளும் போய்ச் சேரணும்.”

விளம்பர ஏஜெண்டு கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த பெண் தாளைப் படித்துவிட்டு, “யக்கா, அம்மா எந்த ஆசுபத்திரியில இருக்காங்க? போன் நம்பரு போட்டா வசதியா இருக்கும்லா” என்றாள்.

“நம்பரு வேணாம்மா. தேதியும் வேணாம். இருக்குற மாதிரியே போடு.”

“கொடுக்குறவரு யாரு? இவரு வந்து கையெழுத்துப் போடணுமே, அங்கமுத்து.”

தவமணி என்னைப் பார்த்தாள். நான் நூலகத் தாள் ஒன்றில் தட்டச்சு செய்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இந்த எழுத்தின் உரிமையாளர் அங்கமுத்து மகள் தவமணி; வெளியிடச் சம்மதிக்கிறார். என் வாழ்நாளில் எத்தனையோ அனுமதிக் கடிதங்களைச் சரிபார்த்திருக்கிறேன். ஒழுங்கான காரியத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

முதல் நாள் கட்டு விழுந்தபோது நான் பல் விளக்கவில்லை, வேலியோரம் நின்றிருந்தேன். தவமணி ஒரு பேப்பரை விரித்து, கடைசிப் பக்கத்தைச் சன்னாசியின் முன்னால் வைத்தாள். அவள் அவனிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவன் குனிந்து படித்தான். மை பட்ட விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டான்.

“இன்னிக்கி எல்லா வீட்டுக்கும் போடுங்க” என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் அவள் பேசியது அதுதான். “ஒரு வீடு விடக் கூடாது.”

போட்டான். மழை வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு எடுத்துப்போனான். அன்று மாலைக்குள் தெரு முழுக்க வந்து தவமணியிடம் விசாரித்துவிட்டது. ‘அம்மா இருக்காங்களா? நாங்க போயிட்டாங்கன்னுல்ல நெனச்சோம்!’ என்று சீன லாண்டரிக்குப் பக்கத்து வீட்டு ருக்குமணி ஓடிவந்தாள். “போயிட்டாங்க. ஆனா கேட்டாங்க” என்று எல்லாருக்கும் அதையே சொன்னாள் தவமணி. சிலருக்கு விளங்கியது, சிலருக்கு விளங்கவில்லை. இரண்டாம் நாளும் பேப்பர் போனது. சன்னாசியை வழியில் நிறுத்தி, “என்னாப்பா சன்னாசி, மாமியா படுக்கையில கெடக்குறாங்கன்னு போட்டிருக்கு, நீ பேப்பரு போட்டுக்கிட்டுத் திரியுற?” என்று கேட்டவர்களும் உண்டு. அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் தவமணி பேப்பர் செருகவில்லை. குளித்து, நீலச் சேலை கட்டி, ஒரு துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள். பீடோர்த் தோட்டத்தை விற்று எண்ணெய்ப்பனை வைத்துவிட்டார்கள், ஆட்கள் குடியிருந்த லயம்கூட இல்லை, ஆனால் சுடுகாட்டை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். ஈப்போ பஸ் ஏழரைக்கு.

சன்னாசி பாதிச் சுற்றிலேயே திரும்பி வந்துவிட்டான். கூடையில் பேப்பர் மிச்சம் இருந்தது. அவசரமாக உள்ளே போனவன் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, தயாளன் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வந்து அவள் முன்னால் நின்றான். மடிப்புக்கூடக் கலையாத சட்டை. நகக் கண்ணில் மை போகவில்லை.

“நானும் வரேன் தவம்” என்றான். “என்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லித்தான் போட்டிருக்காரு.”

தவமணி அவன் சட்டைக் காலரைப் பார்த்தாள். பழக்கத்தில் கை அதைச் சரிசெய்ய எழுந்தது. பாதியில் இறக்கிக்கொண்டாள்.

“போட்டிருக்காரு” என்றாள். “நம்பலயே நீங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். என் மனைவி அவளோடு பஸ் நிலையம் வரைக்கும் குடையோடு போனாள். சன்னாசி அவர்கள் முனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றான். தூறல் வலுத்துக் கூடையில் பேப்பர் நனைய ஆரம்பித்தது. நான் வேலியைத் தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக்கை இழுத்து மூடினேன்.

“விடு சன்னாசி, உள்ள வா. நான் ஒரு கோப்பி போடுறேன்.”

“இன்னும் பதினோரு வீடு இருக்கு கிராணி” என்றான். “ஒரு வீடு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டையோடேயே மோட்டாரை உதைத்தான். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, தூக்கி எறியாமல், இறங்கிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.